இன்ஜின் தொட்டியில் நீ போட்ட மருந்து

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தது. வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்ததும், அதன் பின்பக்கம் ஒட்டியிருந்த அட்டையைச் சுரண்டப் போனார் பெயிண்டர். "அத விடுங்க தம்பி, சுத்தி அடிங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்? கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிற அட்டை. அதுவும் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கிற பழைய அட்டை. மேல் பாதி முழுக்க உன் கையெழுத்து, வாரம் தவறாமல் இருக்கிறது. ஒரு எழுத்துகூடக் கட்டத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான் எழுதுவாய்.

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. பத்தோடு நீ நின்றாய், நான் பன்னிரண்டு வரை போனேன். அதன் பிறகு நான் இந்த மாவு மில்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். நீ இரண்டு தெரு தள்ளி வந்தாய். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார், உன் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர் திரும்பவே இல்லை. மில்லை நான் எடுத்து நடத்தினேன். நீ பேரூராட்சியில் தினக்கூலிக்குச் சேர்ந்தாய். டெங்கு ஒழிப்புப் பணியாளர் என்று பெயர். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, "கொசு மருந்து அம்மா" என்றுதான் சொல்வார்கள்.

முதல் நாள் நீலக் கோட்டும் கையில் டார்ச்சுமாக வந்து என் வாசலில் நின்றாய். "ஏ ஸ்டெல்லா, சர்க்கார் வந்திருக்கேன், கதவத் தொற" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்காமல் உள்ளே வந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை இழுத்துப் பார்த்தாய். என் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லா வாரமும் வந்தாய். தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கல் குழி, மொட்டை மாடியில் கிடந்த டயர் என்று ஒன்றையும் விடமாட்டாய். என்னோடு செத்த நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போ என்றால், "இன்னும் அம்பது வீடு கெடக்குடி" என்பாய். காப்பியை நின்றுகொண்டே குடிப்பாய்.

சண்டை வந்தது டிரம்மால்தான். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் நம் ஊர். பிடித்து வைத்த தண்ணீரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வோம். நான் டிரம்மின் வாயில் வேட்டித் துணி போட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. நீ கட்டை அவிழ்த்தாய். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பாத்தியா, ஈரத் துணியிலதான் அது முட்டையே வைக்கும்" என்று டார்ச்சை அடித்துக் காட்டினாய். உள்ளே என்னென்னவோ நெளிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் டிரம்மைச் சாய்த்துவிட்டாய். முழு டிரம். அடுத்த தண்ணீர் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. தெருவே வேடிக்கை பார்க்கும்படி நான் கத்தினேன். "கொட்டுறதுக்குத்தான் உனக்குக் கூலி குடுக்குறாங்களா" என்று கேட்டேன். நீ டார்ச்சை அணைத்தாய். கதவுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாய்.

அதே மாதத்தில்தான் சொத்து வரி உயர்ந்தது. வீடுகளுக்கே கூடியது, கடைக் கட்டடங்களுக்கு இன்னும் அதிகம். என் மில்லுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. பாக்கெட் மாவு வந்து எங்கள் வியாபாரம் ஏற்கெனவே படுத்திருந்தது. மில்லில் எனக்கு ஒத்தாசையாக இருந்த பாண்டியம்மாளை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறவள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு நாள் அவள் முகத்தையே பார்க்காமல் மிளகாய் அரைத்தேன்.

வியாபாரிகள் எல்லாம் கூடி மனு கொடுப்பதென்று பேசினார்கள். சங்கத் தலைவர் டைல்ஸ் கடைக்காரர், "அக்கா, நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றார். எழுதினேன். நியாயமாகத்தான் எழுதினேன். சின்ன மில்லுக்கும் பெரிய ஷோரூமுக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டிரம் ஞாபகம் வந்தது. "வீடு வீடாக வந்து மக்கள் சேமித்த தண்ணீரைக் கொட்டுவதற்கு இத்தனை ஆட்கள் எதற்கு? இவர்களைக் குறைத்தாலே வரியை உயர்த்தத் தேவையிருக்காது" என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். கூட்டத்தில் வாசித்தபோது அந்த இடத்துக்குத்தான் கை தட்டினார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஒரு மனுவைப் பார்த்து அரசாங்கம் இறங்கி வரவில்லை. ஊருக்கு ஊர் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். உயர்வை நிறுத்தி வைத்தார்கள், கூடுதலாகக் கட்டியதை அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சங்கத்தில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து நீ மிளகாய் அரைக்க வந்தாய். பழைய சண்டையை மறந்தவளாக, "என்னடி, மில்லுல விசேஷமா?" என்றாய். "வரி கொறஞ்சிருச்சுடி" என்று என் கையாலேயே உனக்கு ஒரு ஜிலேபி கொடுத்தேன். "நல்லதாப் போச்சு, பாண்டியம்மா தப்பிச்சா" என்று சொல்லித் தின்றாய். நான் வாயே திறக்காமல் பட்ட பாட்டை நீ எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

அடுத்த மாதம் நீலக் கோட்டு போட்டவர்கள் பாதிப் பேர் வரவில்லை. அதில் நீயும் ஒருத்தி.

நீ வந்து சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "சூப்பர்வைசர் தம்பிக்குச் சொல்ல வாயே வரல, பாவம். ஆபீசர் அம்மாதான் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாங்க. வர்ற காசுக்குத்தானே ஆள் வைக்க முடியும், தெரு லைட்ட நிறுத்த முடியுமா, குப்பைய அள்ளாம விட முடியுமான்னாங்க. அவுகளும்தான் என்ன செய்வாக" என்றாய். யார் மேலும் உனக்குக் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. நான் மாவுச் சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அதில் மாவே இல்லை.

பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாய். காலையில் மில் பஸ், பொழுது சாய்ந்தால் திரும்பும் பஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வரும் வழியில் உன்னைப் பார்த்தால் இருமிக்கொண்டிருப்பாய். "பஞ்சுத் தூசிடி, பழகிரும்" என்பாய். பாண்டியம்மாள் மில்லில் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உன் நினைப்பும் வந்தது. அந்தக் குறைப்பால் ஒருத்தி வேலை தப்பியது, ஒருத்தி வேலை போனது. இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். வரியே தப்பு என்றோ குறைத்ததே தப்பு என்றோ என்னால் அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் தெருவில் அடுத்தடுத்துக் காய்ச்சல். மிச்சமிருந்த கொசு மருந்து அம்மாக்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் அதிகம். நான்காவதாக விழுந்தது நான். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனதாம். இரண்டு நாள் எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டில் ஓரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். தூக்குவாளியில் கஞ்சியும் வெஞ்சனத்துக்குப் பருப்புத் துவையலும் வைத்திருந்தாய். மில் வேலைக்கு லீவு போட்டிருந்தாய். தினக்கூலிக்கு லீவு என்றால் கூலி கிடையாது என்பது எனக்குத் தெரியாதா?

"உன் வீட்டுச் சாவிய பாண்டியம்மாகிட்ட வாங்கிப் போய்ப் பாத்தேன். டிரம்முல ஒண்ணுமில்ல, பரவால்ல, இப்பத்தான் மூடி வாங்கியிருக்க" என்றாய். பிறகு தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னாய். "மில்லுக்குப் பின்னாடி பழைய இன்ஜின் தொட்டி கெடக்குல்ல. அதுலதான்டி அம்புட்டுப் புழுவும். ஒரு கை அள்ளுனா நூறு இருக்கும்."

டீசல் இன்ஜின் ஓடிய காலத்தில் அதைக் குளிர வைக்கத் தண்ணீர் நிரப்பிய சிமெண்ட் தொட்டி. கரண்ட் மோட்டார் வந்து இருபது வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் நானே போவதில்லை. அங்கே தொட்டி இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வாராவாரம் உன் வீட்டுக்கு வாரதுக்கு முந்தி மொத மருந்து அதுலதான் போடுவேன். முள்ளுக்குள்ள எறங்கித்தான் போகணும். உன்கிட்ட சொன்னா, மில்லுக்குள்ள எதுக்கு நொழஞ்சன்னு சண்டைக்கு வருவ. அதான் சொல்லல."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். காய்ச்சலால் என்று நீ நினைத்திருப்பாய். இத்தனை வருஷம் எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்ததை நான் என் உடம்பு வாகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதற்கு இத்தனை ஆட்கள் என்று கேட்டு எழுதினேனே, அதற்குப் பதில் என் மில்லுக்குப் பின்னாலேயே முள்ளுக்குள் கிடந்திருக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அந்த மனுவுல..." என்று தொடங்கினேன். நீ விடவில்லை.

"தெரியும்டி. ஆளக் கொறைக்கச் சொல்லி பொதுமக்களே எழுதியிருக்காங்கம்மான்னு ஆபீசுல காட்டுனாங்க. ஆறாப்புலருந்து உன் எழுத்தப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? நானும் அன்னிக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு டிரம்மச் சாச்சிருக்கலாம். ஆறு நாளு தண்ணியில்லாம என்ன பாடு பட்டியோ. சரி, கஞ்சியக் குடி, ஆறிப்போகுது" என்றாய்.

ஜிலேபியைத் தின்ற நாளில் உனக்குத் தெரியாது, தெரிந்த பிறகும் ஒரு வருஷம் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாய். நான் கஞ்சியைக் குடித்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மன்னித்துவிடு என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, அந்த வறட்டுக் கௌரவம் பிடித்த நாக்கு அதை விழுங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், ஈஸ்டருக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில், மில் பஸ்ஸுக்குக் கிளம்பியவள் வாசலில் சரிந்தாய் என்று பாண்டியம்மாள் ஓடி வந்து சொன்னாள். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வரி மறுபடியும் உயர்ந்திருக்கிறது. பெயிண்ட் அடித்து முடித்த மறுவாரமே சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். டைல்ஸ் கடைக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது, பேச்சு அப்படியே இருக்கிறது. "அக்கா, போன தடவ மாதிரி நறுக்குன்னு எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டு போனேன். சின்னக் கடைகளுக்குக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன், எனக்கும் முடியவில்லைதானே. ஆனால் தெருவுக்கு வருகிற பணியாளர்களில் ஒருவரைக்கூடக் குறைக்கக் கூடாது, அவர்களைக் குறைத்துத்தான் வரியைக் குறைக்க முடியும் என்றால் எங்களுக்கு அந்தக் குறைப்பு வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன்.

"என்னக்கா இது, ஆபீசர் சிரிப்பாரு. ரெண்டையும் கேட்டா ரெண்டும் கிடைக்காது" என்றார் தலைவர்.

"ரெண்டுல ஒண்ணுதான்னா நான் வரியக் கட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"போன தடவ நீங்கதானேக்கா, இத்தன ஆளு எதுக்குன்னு எழுதுனது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

எழுந்து நின்றேன். "நான்தான். அது தப்பு. அதுல வேலை போனவ என் சிநேகிதி. எனக்கே தெரியாம என் உசுரக் காப்பாத்திக்கிட்டு இருந்தவ. அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். மனுவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், பாதிப் பேர் படியிறங்கிப் போய்விட்டார்கள். அந்த மனு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாத முப்பது பேருக்கு முன்னால் அந்த வார்த்தை எனக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் ஒருத்தியிடம் சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு நான் கஞ்சி குடித்து முடிக்கும்வரை உன் கை என் நெற்றியில்தான் இருந்தது.