கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்

அந்த இரைச்சல் திரும்ப வந்துவிட்டதடி. நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்து ரேடியோவைத் திருகினால், பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம். முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தேன், போகவில்லை. கை தானாக ரேடியோவைச் சுவரை விட்டுத் தள்ளியது, சத்தம் குறைந்தது. சுவரருகே கொண்டுபோனேன், கூடியது. மின்சார ஒயரில் யாரோ எதையோ ஓட்டுகிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இந்த வித்தை நீ செய்து நான் பார்த்தது. நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருடம் திரும்பவில்லை, அதற்குள் உனக்கு வேலை வந்து நிற்கிறது.

மகனைக் கேட்டேன். மாடியில் இருக்கும் இன்டர்நெட் கீழே என் அறைவரை எட்டவில்லையாம். அதனால் மேலே ஒரு பிளக்கில் ஒரு பெட்டி, என் அறைப் பிளக்கில் இன்னொன்று. வீட்டு ஒயர் வழியாகவே இன்டர்நெட் இறங்கி வருகிறதாம். எனக்கு எதற்கு இன்டர்நெட் என்றேன். அலமாரி மேலே கையைக் காட்டினான். சின்னதாக ஒரு கேமரா. செண்டாயானில் இந்த வீட்டில் பகலெல்லாம் நான் தனியாக இருக்கிறேன். அவன் நீலாயில் வேலை பார்த்துக்கொண்டே என்னையும் பார்த்துக்கொள்வானாம். பெற்ற பிள்ளையின் அக்கறை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே அக்கறையைத்தானே நானும் ஒரு காலத்தில் பெட்டியில் போட்டுப் பிளக்கில் மாட்டி வைத்திருந்தேன்.

நம் ரப்பர்த் தோட்டத்துக்கு முழுநேர மின்சாரம் வந்த புதிது. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்துவிட்டார். பால் மரம் வெட்டப் போகும் பெண்களின் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்வது என் வேலை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. அவரால் இனி முடியாது என்றானபின் என் வேலைதான் எங்களைக் கூரைக்குக் கீழே வைத்திருந்தது. போனால் அவர் தனியாகக் கிடப்பார். போகாவிட்டால் அந்தக் கிடக்கும் இடமும் இருக்காது.

அப்போதுதான் என் தம்பி சிரம்பானிலிருந்து அந்த இண்டர்காமை வாங்கி வந்தான். இரண்டு பெட்டிகள். எந்தப் பிளக்கில் மாட்டினாலும் மின்சார ஒயர் வழியாகவே பேச்சு போகும். லயத்துக் கடைசியில்தான் ஆயாக் கொட்டகை. எல்லாம் ஒரே மின்சார இணைப்பு. அவர் தலைமாட்டில் ஒன்று, என் தொட்டில்களுக்கு நடுவில் ஒன்று. பேசும்போது ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்தியபடி பூட்டி வைக்கவும் வழி இருந்தது. நான் காலையில் பூட்டிவிட்டுப் போனால் அவர் இருமுவது, திரும்புவது, தண்ணீர்க் குவளையை வைப்பது எல்லாம் எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் எனக்குக் கை கால் ஓடும்.

ஆனால் பெட்டி மாட்டிய நாளிலிருந்து எல்லார் ரேடியோவிலும் இரைச்சல்; காரணம் தெரியாமல் லயமே கொதித்தது. நம் வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போகாது என்பதால் ஒரு வீட்டு ரேடியோ வரிசை முழுக்கப் பாடும். ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சோறு வடித்துக்கொண்டே பாட்டுக் கேட்கிற அந்த நேரம்தான் அந்தப் பெண்களுக்கு ஒரு நாளில் சொந்தமான நேரம். அதில் மண் விழுந்தது. ஒருவர் ரேடியோவுக்குத் திருநீறு பூசினார். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா இன்னும் ஒருபடி மேலே போய், வேலை நாளில் மட்டும்தான் இரைகிறது, ஞாயிற்றுக்கிழமையானால் ரேடியோவுக்கும் லீவு போல என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சேனாவாங்கில் டிவிக்குக் கம்பிச்சுருள் சுற்றும் ஃபேக்டரியில் இருந்தாய்; அந்த வாரம் மாலை ஷிப்டு, ஃபேக்டரி பஸ் வரும்வரை வீட்டில் இருந்தாய். பேட்டரி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்தபடி லயம் முழுக்க நடந்தாய். புள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சுவர் சுவராக வைத்துக் கேட்டு, கடைசியில் என் வீட்டு வாசலில் நின்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதால் இண்டர்காமைக் கழற்றிவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

விஷயம் தெரிந்ததும் மாரியாயி அக்கா தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொல்வதாகக் கிளம்பிவிட்டார். கொட்டகையில் அனுமதி இல்லாமல் பெட்டியை மாட்டியிருந்தேன்; சொன்னால் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் என் வேலை போச்சு, வீடும் போச்சு. எனக்கு அழுகைதான் வந்தது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "புடுங்கிப் போட கிராணி எதுக்குக்கா, நானே புடுங்குவேன். புடுங்காம சரி பண்றதுதான்லா வேல. கொஞ்சம் பொறுங்க."

பிறகு நீ வீடு வீடாக ஏறினாய். நம் ஆட்கள் ரேடியோவின் ஏரியல் கம்பியை, போகிற போக்கில், மின்சார ஒயரோடு சேர்த்தே கூரைச் சட்டத்தில் கட்டிவைப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்குமாம். இரைச்சலுக்கு அதுவே ராஜபாட்டை. ஒவ்வொன்றாக அவிழ்த்து, வெளியே கொய்யா மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினாய். உன் சூப்பர்வைசரிடம் மாங்காய் ஊறுகாய் கொடுத்து, கழித்துப் போட்ட கறுப்பு வளையங்களைக் கேட்டு வாங்கி வந்தாய். ஒயரை அதில் சில சுற்றுச் சுற்றினால் இரைச்சல் அதைத் தாண்டிப் போகாது என்றாய்.

முதல் வளையத்தை நீ மாட்டியது இண்டர்காம் ஒயரில். இரைச்சல் நன்றாகவே குறைந்தது. கூடவே என் வீட்டுக்காரர் குரலும் காணாமல் போனது. இரைச்சலும் பேச்சும் அந்த ஒயரில் ஒன்றாகத்தான் போகின்றன. இதை மறித்தால் அதுவும் நிற்கும் என்று உனக்கு அப்போதுதான் உறைத்தது. "பாத்தியா, புருஷனையே வடிகட்டிட்டேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்தவரை ஏமாற்றாத சிரிப்பு அது. தப்பைத் தப்பென்று சிரித்துக்கொண்டே கழற்றுகிற ஆளை நான் உன்னைத் தவிரப் பார்க்கவில்லை. வளையங்கள் ரேடியோக்களின் ஒயருக்குப் போயின. இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது, மீதி நின்றது.

அந்த மீதிக்காக நீ அவரிடம் உட்கார்ந்து பேசிய நாளைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கொட்டகையில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் உன் குரல் கேட்டது. "ஏண்ணே, முன்னெல்லாம் பாடிக்கிட்டே இருப்பீங்களே, இப்ப வாயே தொறக்கறதில்ல?" பதிலுக்குக் கட்டில் கிறீச்சிட்டது. அதோடு பெட்டி செத்துவிட்டது.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மற்றவர்களை உதவிக்காரப் பெண்ணிடம் விட்டேனா என்றுகூட நினைவில்லை. வழியெங்கும் வீடுகளில் ரேடியோ பளிச்சென்று பாடிக்கொண்டிருந்தது. அது எனக்குக் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால் நீ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய். அவர் பாடிக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத குரல்.

நீ அந்தப் பூட்டை எடுத்துவிட்டிருந்தாய். பட்டன் சும்மா இருந்தால் பெட்டி ஒயரில் எதையும் அனுப்பாது, லயத்தில் இரைச்சலும் இருக்காது, அழுத்தினால் மட்டும்தான். அவருக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது என்றாய். பெட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரிக் கட்டிலில் கட்டியும் இருந்தாய். நான் பூட்டைத் திரும்பப் போடக் கை நீட்டினேன். என்னை வெளியே இழுத்து வந்து மெதுவாகச் சொன்னாய். அவர் உன்னிடம் வாயால் சொல்லவில்லையாம். பெட்டியைக் காட்டி, காதைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"மூச்சு விட்டாக்கூட நீ கேக்குற. அந்த மனுஷன் எங்கடி அழுவாரு?"

புரிந்தது எனக்கு. ஆனாலும் பயம் விடவில்லை. கூப்பிடாமலேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"கூப்பிட வெக்கப்படாத மாதிரி நீ நடந்துக்க. அது போதும்."

அவ்வளவுதான் சொன்னாய். ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டாய்.

அதன்பிறகு லயத்தில் பகலெல்லாம் பாட்டுத் தெளிவாகக் கேட்டது. அவர் பட்டனை அழுத்தும்போது மட்டும் ஒரு சின்னக் கரகரப்பு வந்து போகும். மாரியாயி அக்கா அதையும் ஒழிக்கச் சொன்னார். இன்னொரு வளையம் போட்டிருக்கலாம், நீ போடவில்லை. "கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்க்கா, ஒங்களுக்கும் தெரியட்டும்" என்றாய். உன் சோம்பேறித்தனம் என்று நினைத்தேனடி. ஒரு நாள் நான் பால் மாவு வாங்க ஸ்டோருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் தண்ணீர் எடுக்கப் புரண்டு தரையில் விழுந்துவிட்டார். விழும்போது பெட்டியும் கயிற்றோடு மார்பில் வந்து கிடந்தது. பட்டனை விடாமல் அழுத்தினார். கொட்டகையில் கேட்க நான் இல்லை, உதவிக்காரப் பெண்ணும் குழந்தைகளைக் குளிப்பாட்டப் பின்பக்கம் போயிருந்தாள். ஆனால் மாரியாயி அக்காவின் ரேடியோ கரகரத்தது, நிற்கவே இல்லை. வடித்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடியவர் அவர்தான். கிராணியிடம் போகக் கிளம்பிய அதே கால்கள். என் வீட்டுக்காரர் அதன்பிறகும் பல வருடம் இருந்தார், பாடிக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம் பெரிய படிப்பில்லை என்று நீயே சொல்வாய். ஃபேக்டரியில் யாரைக் கேட்டாலும் வளையத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பெட்டியைப் பார்க்க வந்த நீ கட்டிலில் கிடந்தவரையும் பார்த்தாய். அதற்குத்தான் நான் இத்தனை காலமும் உன்னை அண்ணாந்து பார்த்தேன்.

கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்பார்கள். உனக்கு அதுவும் தெரிந்திருந்தது. ரஹாங்கில் மகள் வீட்டில் நீ படுத்திருந்த கடைசி மாதங்களில் எத்தனை முறை எனக்குப் போன் போட்டாய். நகம் வெட்ட, முதுகு சொறிய, புளிக்குழம்பு கொண்டுவர. ஒரு தடவை வந்து சேர்ந்து என்ன வேண்டும் என்றேன். "ஒன்னுமில்லலா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாய். அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு யாரும் செய்ததில்லை.

நேற்று மாலை மகன் வந்ததும் கேமராவை எடுத்துவிடச் சொன்னேன். நான் வாய்விட்டு அழுதால் அது எனக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் இருக்கட்டும், எனக்கு ஓர் அழைப்பு மணி மட்டும் வாங்கிக் கொடுக்கட்டும், அவன் போனில் அடிக்கிற மாதிரி என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பயம்தான், எனக்குத் தெரியாதா. "கூப்பிடாமலே இருந்துட்டீங்கன்னா என்னாம்மா பண்றது?" என்றான்.

உன் பதிலை அப்படியே சொன்னேன். அவன் அலமாரியருகே நாற்காலியை இழுத்தான். ஏறிக் கேமராவைக் கழற்றினான்.

மணி இன்று வந்துவிட்டது. கட்டிலோரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். உன் கறுப்பு வளையம் என் ரேடியோ ஒயரிலேயேதான் இருக்கிறது. மணிக்கும் அந்தப் பிளக் பெட்டி வேண்டுமாம்; ரேடியோவைச் சன்னலோரம் மாற்றியபின் பாட்டும் நன்றாகக் கேட்கிறது. கொஞ்சம் முன்பு, அவன் மாடியில் இருக்கும்போது மணியை அழுத்தினேன். படிகளில் தடதடவென்று இறங்கி வந்து என்னாம்மா என்றான்.

ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.