ரெண்டு கொடியையும் திருப்பி அனுப்பினவள்

என் மாமாவுக்கு, அந்த வெல்டிங் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பு.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு பைப் ஃபிட்டர் சங்கத்துக்காரர்களும், இரும்பு ஷெட் போடுகிற சங்கத்துக்காரர்களும் ஆளுக்கொரு கொடியோடு வந்தார்கள். எங்கள் தோழர் என்று இவர்கள், இல்லை எங்கள் தோழர் என்று அவர்கள். உன் தலைமாட்டில் நின்றே சண்டை.

எனக்கு அழுகை நின்றுபோய்க் கோபம் வந்தது. பதினைந்து வருஷம் ரெண்டு பேருக்கும்தான் பற்றவைத்தாய். உறுப்பினர் கார்டு கேட்டால், வெல்டர் அவங்க ஆளு என்று இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்களும் அதையே சொல்லி இவர்களைக் கைகாட்டுவார்கள். நீ சிரித்துக்கொண்டே வெல்டிங் ராடு மாற்றப் போய்விடுவாய். ஏன் மாமா சிரித்தாய்? என்னால் முடியவில்லை. "உயிரோட இருக்கச்சொல்ல கார்டு தரல. இப்ப இன்னாத்துக்குக் கொடி? எடுத்துக்கினு போங்க" என்று ரெண்டையும் திருப்பி அனுப்பினேன். மாலையோடு மட்டும்தான் போனாய்.

அப்புறம் நீ ராடு மாட்டிப் பற்றவைக்கிற ஹோல்டரை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளிமலையில் உனக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்கு அந்த இரும்புக் கதவை நானே ஒட்டி முடித்தேனே, "என்னுதவிட நேரா இருக்குடி" என்றாயே, அந்தத் தைரியம்தான். கள்ளக்குறிச்சியில் கேட், கிரில் என்று வேலை கிடைக்கிறது. பெரிய கட்டடத்துக்குள் நுழைய மட்டும் சங்க கார்டு வேண்டும். கொடியைத் திருப்பினவளுக்கு யார் தருவார்கள்?

போன வாரம் சின்னசேலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை வேலை நின்றுபோனது. தண்ணீர் பைப்பைத் தாங்குகிற பிராக்கெட்டை இரும்புத் தூணில் ஒட்ட வேண்டும். பைப் எங்களுது, நாங்கதான் ஒட்டுவோம் என்றார்கள் இவர்கள். தூண் எங்களுது, கை வைக்காதே என்றார்கள் அவர்கள். ரெண்டு நாள் யாரும் ராடைத் தொடவில்லை. ரெண்டு சங்கத்திலும் இல்லாத ஆள் வேண்டும் என்று மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். யாரும் சேர்த்துக்கொள்ளாததே எனக்குத் தகுதியாகிவிட்டது, பார்த்தாயா.

போனேன். ஆனால் வேலையைத் தொடங்கவில்லை. ரெண்டு சங்கத் தலைவர்கள் முன்னாலும் உறுப்பினர் விண்ணப்பத்தை வைத்தேன். "ரெண்டு பேரும் என்னை வெல்டர்னு சேர்த்துக்கினா ஒட்டித் தர்றேங்க." பைப் தலைவர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். இரும்பு ஷெட் தலைவர் பேனாவைத் தொடவில்லை.

"எங்க கொடியத் திருப்பி அனுப்புனியே, அதுக்கு ஒரு மன்னிப்புக் கேளும்மா. உடனே போட்டுடறேன்."

"கேக்க மாட்டேங்க. என் வீட்டுக்காரரு கேட்ட கார்டைத் தராததுக்கு நீங்க யாராச்சும் மன்னிப்புக் கேட்டீங்களா?"

ஒரு வார்த்தைதானே என்று மேஸ்திரி கெஞ்சினார். ஒரு வார்த்தைதான். அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். கேபிளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். பிராக்கெட் இன்னும் தரையில்தான் கிடக்கிறதாம்.

மாமா, நாளைக்கு மறுபடியும் அங்கே போவேன். மறுநாளும் போவேன். அந்த இரும்பு ஷெட் தலைவர் கையெழுத்துப் போடுகிறவரைக்கும் அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்திருப்பேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், இது உன்மேல் ஆணை. வெல்டர் என்று கார்டில் எழுதுகிறபோது அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் இப்போதே எழுதிவிட்டேன்.

உன் பொண்டாட்டி,
வெல்டர் செல்வி