பாட்டு நேரத்தில் அழுத்தக் கூடாது

செப். 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும் வரும் என்று வரவில்லை. ஊற வைத்த துணி அப்படியே கிடக்கிறது.

இவர் நாடகத்தை விட்டுவிடுகிறாராம். மூன்று வருஷமாகக் குவார்ட்டர்ஸ் கலைவிழாவில் இவருக்கு வாயில்காப்போன் வேஷம். ஒரே வசனம், "ஆகட்டும் மன்னா". இந்த வருஷம்தான் ராஜா. தினமும் சாயங்காலம் ஒத்திகைக்குப் போனால் நிறைமாசக்காரியை யார் பார்ப்பது என்கிறார். பக்கத்து வீடு பூட்டு, ஊருக்குப் போயிருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கும் போக முடியாது, அங்கே அண்ணிக்கும் இதே மாசம்.

விடக் கூடாது என்றேன். எனக்கென்ன பயம் என்றேன். பயம்தான். ஆனால் குளிக்கும்போது ராஜா வசனத்தை இவர் முழங்குவதைக் கேட்க வேண்டும்! அதைக் கெடுக்க மனசு வருமா?

ஒரு யோசனை. நான் இங்கே பட்டனை அழுத்தினால், இரண்டு தெரு தள்ளி ஒத்திகை நடக்கும் ஹாலில், அவர் பையில் சத்தம் வர வேண்டும். கம்பி இல்லாமல்.

செப். 5, வியாழன்

அம்பத்தூரில் ரேடியோ கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் என்று பேர். தினமும் அதே மூன்று இடத்தில் ஈயம் வைப்பேன், பலகையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளுவேன். நாலாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

படம், கம்பெனி வாசகசாலையில் பழைய ரேடியோ பத்திரிகையைப் பார்த்து எப்போதோ வரைந்தது. இவர் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தவை:
டிரான்ஸிஸ்டர் 2 (ஒன்று போனால் ஒன்று)
கண்டன்ஸர்
சுருள் (காயில்) சுற்றக் கம்பி
காலிங் பெல் பட்டன்
கத்தரிக்காய் (சொத்தை)

பிற்பகல்: ஒரு டிரான்ஸிஸ்டர் போச்சு. அதன் கம்பிக் கால்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன். தொட்டுப் பார்த்தால் சுட்டது. கையை உதறினேன், உள்ளே இருப்பது ஓர் உதை விட்டது. அதற்கும் சிரிப்பு போல.

செப். 8, ஞாயிறு

கேட்டது! கேட்டது!

சோப்பு டப்பாவுக்குள் எல்லாம் அடக்கம். ஜன்னலிலிருந்து முருங்கை மரம் வரை ஏரியல் கம்பி. இவர் எங்கள் குட்டி டிரான்ஸிஸ்டர் ரேடியோவின் முள்ளை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, அதைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அழுத்த அழுத்த அவர் பையில் "குயிங்". ஹால் வரை போய்ப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தார். நடுவில் ஒரு தடவை சத்தம் குறைந்ததாம். வந்து பார்த்தால் ஏரியலில் அவர் லுங்கி காய்கிறது. காயப் போட்டது அவரேதான். இனிமேல் அங்கே துணி போட்டால் ராஜாவானாலும் அபராதம்.

ஒரு தடவை: சும்மா.
இரண்டு: வரும்போது காய் (சொத்தை பார்த்து).
மூன்று: ஓடி வா.

ஒரு குறை. அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அழுத்திவிட்டு வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

ராஜா இன்றைக்கு ஒத்திகைக்குப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மூன்று தோசை அதிகமாகத் தின்றேன்.

செப். 10, செவ்வாய்

தூறல். சாயங்காலம் வாசலில் யாரோ. ஹாலுக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கும் கோதண்டம், கோவில்பதாகை ஊர்க்காரர். தோளில் கடை ரேடியோ, அலறிக்கொண்டு.

"இன்னாம்மா, இந்தப் பேயி உன் ஊட்டுலதான் கீதா? பாட்டு சோக்கா வந்துகினு கீது, நடுவுல குயிங்கு குயிங்குன்னுது. ரேடியோவத் தூக்கிகினு நடந்தேன். உன் ஊட்டாண்ட வர வர சத்தம் ஏறுது."

என் குயிங் ஓரிடத்தில் நிற்பதில்லையாம், ரேடியோவில் நாலைந்து இடத்தில் கேட்கிறது. அதில் ஒன்று அவருடைய பாட்டு ஸ்டேஷன். சோப்பு டப்பாவைக் காட்டி, எதற்கு என்று சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயே பண்ணியா? சரி, அடி. ஆனா ஆறு மணி பாட்டு அப்ப மட்டும் கைய வெக்காத. அதுக்குத்தான் என் கடைக்கு ஆளே வருது."

அடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இவருக்கு விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரிப்பு. நேற்று நான் காய்க்கு அடித்தது டீக்கடை முழுக்கக் கேட்டிருக்கிறது!

செப். 14, சனி

நல்ல வெயில். நாடகம் இன்றைக்கு. இவர் நாலு மணிக்கே கிளம்பினார், வாசலில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நீயும் வா என்றார். அந்த நாற்காலியில் இந்த இடுப்போடு எப்படி உட்காருவது?

5 மணி. முதுகு வலி. மத்தியானம் தின்ற வாழைக்காயாக இருக்கும்.

வாழைக்காய் இல்லை.

கோதண்டம் கடைப் பாட்டு இங்கே வரை கேட்கிறது. ஆறாகிவிட்டது. சத்தியம் வேறு. திட்டுவார்.

திட்டட்டும். அழுத்துகிறேன். மூன்று. மறுபடி மூன்று.

செப். 18, புதன்

ஆஸ்பத்திரி. வெளியே மழை. பெண் குழந்தை. மூக்கு அவருடையது, பாவம்.

அன்றைக்கு நடந்ததை எல்லாரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். இவர் மேடையில் கைதியின் தலையை வெட்டச் சொல்லும் கட்டம். ரேடியோ மேடைக்குப் பின்னால், வேஷம் போடும் அறையில் கழற்றிப் போட்ட பேண்ட் பையில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ராஜா உடையில் பை கிடையாது. இத்தனை நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை!

கோதண்டம் கடையை அப்படியே விட்டு ஓடி, நேராக மேடை ஏறிவிட்டார். "மகாராசா, உன் ஊட்டுல வலி கண்டுகிச்சு, எறங்கு!" ஜனம் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியதாம். தலை போக வேண்டிய கைதிதான் ஓடிப்போய் வண்டி பிடித்தான். கிரீடத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரோஸ் பவுடரெல்லாம் என் புடவையில்.

இன்றைக்குக் கோதண்டம் பார்க்க வந்தார், தூக்குப் போணியில் பால். நிஜம்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பாட்டு நேரத்துல அடிக்க மாட்டேன்னு சொன்ன பொண்ணு அடிக்குதுன்னா அது இன்னா வெளயாட்டா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் குழந்தை வீறிட்டது. மணி ஆறு. "இதுவும் அதே நேரம் பாத்துதான் கத்துது" என்று எழுந்து போனார்.

பாதியில் நின்ற நாடகத்தை வருகிற சனிக்கிழமை மறுபடி போடுகிறார்களாம். ராஜாவுக்கு இடுப்பில் ஒரு பை தைக்கச் சொல்லியிருக்கிறேன்.