தோற்றேன் என்று சொன்ன பிறகு

கறுப்புக் கற்களின் கிண்ணத்தைத் திறந்ததும் தைலம் மணத்தது. கல்லுக்கு ஏது மணம்? உன் விரலுடையது அது. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, நெற்றிப் பொட்டில் தைலம் தேய்க்காமல் நீ பலகை முன்னால் ஆட உட்கார்ந்ததில்லை. தேய்த்த அதே விரலால் கல்லையும் எடுப்பாய். "கையைத் துடைச்சுக்கோடி" என்று எத்தனை ஞாயிறு கத்தியிருக்கிறேன். இன்றைக்கு மூடியைச் சட்டென்று மூடிவிட்டேன். இருக்கிற வாசனையும் போய்விடுமோ என்று பயம்.

பலகையையும் கிண்ணங்களையும் உன் வீட்டுக்காரர் காலையில் ஆக்லாந்தின் அந்தப் பக்கத்து லின்ஃபீல்டிலிருந்து கொண்டுவந்தார். இங்கே ரானுயியில் நல்ல மழை. பலகையைத் தன் மழைக்கோட்டால் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார். டீ கொடுத்தேன். குடித்து முடித்தும் எழுந்து போகவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "மீனா, அவ எல்லாத்தையும் உங்ககிட்டத்தான் பேசுவா. ரெண்டாவது மருந்து வேணாம்னு ஏன் சொன்னா? உங்ககிட்டயாச்சும் சொன்னாளா?"

சொல்லவில்லையே நீ. அதுதான் எனக்கு உன்மேல் ஆறாத கோபம். முதல் மருந்துக்குப் புற்று கட்டுப்படவில்லை, அடுத்ததைத் தொடங்கப்போகிறார்கள் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீ வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்த பிறகும் ஞாயிறுதோறும் வந்தேன். எதிரே உட்கார்ந்து வடையைப் பிட்டுத் தின்றேன். நீ வாயே திறக்கவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்தது உன் சாவு வீட்டில்தான்.

நாம் சந்தித்த நாள் ஞாபகம் வருகிறது. நூலகத்து மாடி அறை. கோடு போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்து இடம் வளைக்கிற இந்தக் கோ ஆட்டத்துக்கு அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சீனர்களும் கொரியர்களும். என் கற்கள் கூட்டமாகச் செத்ததைப் பார்த்து "அய்யோ, போச்சே" என்றேன். பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்: "தமிழா நீ? பசியாறிட்டியா?" பிற்பகலில் யாராவது அப்படிக் கேட்பார்களா? மலேசியாவில் அது ‘சௌக்கியமா’ மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது. நான் கணினியில் தனியாக ஆடிப் பழகிய திருச்சிக்காரி. நீ பினாங்கில் ஜப்பானியர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பயிற்சிக்கு ஒசாகா போன இடத்தில் ஆட்டத்தோடு திரும்பியவள். ஆக்லாந்தில் எனக்கு வாய்த்த சிநேகிதம் அப்படித்தான் வாய்த்தது.

ஜப்பான் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை வரும் போட்டி நமக்கு டீ நேரத்தில் வரும். அறையைச் சூடாக்க ஹீட் பம்பைப் போட்டுவிட்டு, ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு பார்ப்போம். கோட்டும் டையுமாக இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள். கையிலிருந்த நேரம் தீர்ந்துவிட்டால் ஒரு கல்லுக்கு முப்பது வினாடிதான். ஒரு பெண் குரல் ஈவிரக்கமில்லாமல் வினாடிகளை எண்ணும். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். பலகையில் பாதி காலியாக இருக்கும்போதே ஒருவர் தலை குனிந்து, ‘தோற்றுவிட்டேன்’ என்று சொல்லிவிடுவார்.

"இன்னும் ஆடலாமே! என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு?"

"முடிவு தெரிஞ்சிருச்சி லா. அதுக்கு மேல இழுத்தா எதிராளிக்கு மரியாதை இல்ல."

ஆனால் தோற்றவர் எழுந்து போய்விடுவதில்லை. அந்த வழக்கம்தான் உனக்கு ஆட்டத்தை விடப் பிடித்தது. இருவரும் அங்கேயே உட்கார்ந்து, கற்களை எடுத்துவிட்டு, முதல் கல்லிலிருந்து மறுபடி வைத்துப் பேசுவார்கள். எங்கே தவறியது, வேறென்ன செய்திருக்கலாம் என்று. நாம் ஆடி முடித்தாலும் நீ விடமாட்டாய். "ஏன் அங்க வெச்சே?" என்று நான் கேட்டால் மட்டும் முறைப்பாய். "ஏன்னு கேக்காதே லா. என்னா நெனச்சேன்னு கேளு. ஏன்னு கேட்டா திட்டுற மாதிரி இருக்கு."

ஒரு ஞாயிறு, முடி நரைத்த பெரிய ஆட்டக்காரர் ஒருவர், வினாடிக் குரல் எண்ணிக்கொண்டிருக்கும்போதே தலை குனிந்துவிட்டார். பிறகு பேசிக்கொண்டிருக்கையில், ஜெயித்த இளைஞர் தயங்கித் தயங்கி ஓர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தார். பெரியவர் அதையே பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் வைத்திருந்தால் அவருக்குத்தான் வெற்றி. தோற்காத ஆட்டத்தைத் தோற்றேன் என்று சொல்லியிருக்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "தனியா கணக்குப் போட்டா அப்படித்தான். பயத்துல ஒரு எடம் தெரியாமப் போயிரும். ஜெயிச்சவரே காட்டிக் குடுக்குறாரு, பாத்தியா" என்றாய்.

அதைத்தான் இன்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏன்னு கேக்க வேணாம்ணா. அவ என்ன நினைச்சிருப்பான்னு பார்ப்போம். மொதல்லேர்ந்து சொல்லுங்க." பலகைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருக்கு ஆடத் தெரியாது. ஆனாலும் முதல் இருமலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்கேன், மருந்து, வாந்தி. பிறகு விரல் நுனிகள் மரத்துப்போனது.

"சட்டப் பொத்தான் போட முடியல அவளால. டாக்டர்கிட்ட மொதல்ல கேட்டதே, அடுத்த மருந்துல வெரல் என்னாவும்னுதான். இன்னும் மோசமாவலாம்னாங்க. உயிரு எவ்ளோ நாளு கூடும்னா, சில மாசம், அதுவும் உறுதி இல்லன்னாங்க. வீட்டுக்கு வந்து இது முன்னாடிதான் உக்காந்தா. கல்ல எடுத்தா, வுளுந்துச்சி. மறுபடி எடுத்தா, மறுபடி வுளுந்துச்சி. பலகையே கலைஞ்சி போச்சி."

அவர் அழுதார். எனக்கு அந்தக் கடைசி ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. "அலுப்பா இருக்கு, போட்டி மட்டும் பாப்போம் லா" என்று சொல்லிவிட்டுக் கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தாய். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போய்விட்டார். மழை விடவில்லை. விரலுக்காகத்தான் மருந்தை வேண்டாம் என்றாயா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாந்தியும் அலுப்பும் போதும் என்றிருக்கலாம். முடிவு வரைக்கும் சரியாகவே கணக்குப் போட்டிருக்கலாம். உன்னைக் கேட்டால்தான் தெரியும், அதற்கு வழி இல்லை. இப்போதும் போட்டியைப் பார்க்கிறேன். யாராவது தலை குனிந்தால் திரையைப் பார்த்து இன்னும் கத்துகிறேன்.

ஆனால் நீ பார்க்காமல் விட்ட ஓர் இடத்தை நான் இன்று பார்த்துவிட்டேன். அதைக் காட்டுவதற்குத்தான் இந்த மடல். கிண்ணத்தை மறுபடி திறந்து, ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, நீ எப்போதும் ஆட்டத்தைத் தொடங்கும் வலது மேல் மூலையில் வைத்தேன். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. நீ இடத்தைச் சொல்லியிருந்தால் போதுமடி, உனக்காகக் கல்லை நான் வைத்திருப்பேன்.