கண்ணாடியில் மலர்க்கொடி

2024 ஜூன் 11
காலையிலிருந்து தையல்கடைக்கு ஒரே ஒருவர். புடவைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். மயிலாடுதுறையில் ரவிக்கையைக்கூடப் போனிலேயே வாங்குகிறார்கள். நாமும் இன்ஸ்டாகிராமில் கடை போடுவோம் என்றேன், என்னிடம் தைக்கும் மலர்க்கொடியிடம்.
"செய்யலாங்க்கா. என் கைவேலைய எவ்வளவு வேணாலும் எடுங்க. முகம் மட்டும் வேணாம்."
சேலத்தில் புருஷனிடம் அடிபட்டு, சொல்லாமல் கிளம்பி வந்தவள். அவன் இன்னும் தேடுகிறானாம். சரி என்றேன்.

ஜூன் 29
மன்னார்குடியிலிருந்து முதல் ஆர்டர்! ஆரி வேலை செய்த கல்யாண ரவிக்கை.

ஜூலை 17
கோயம்புத்தூர், சிங்கப்பூர். அபுதாபியிலிருந்து இவரும் கூப்பிட்டார். "இங்க எல்லாரும் உன் கடையத்தான் பாக்குறாங்க சுமையா." பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 8
மணப்பெண் ஒருத்தி ரவிக்கையைப் போட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்ததை எடுத்துப் போட்டேன். இவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9
மலர்க்கொடிதான் காட்டினாள். கண்ணாடியில், அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால், நூலைப் பல்லில் கடித்தபடி சிரிக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை — துணியைத்தான் பார்த்தேன். துணியை மட்டும்தானா பார்ப்பேன்?
உடனே அழித்தேன். அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "நல்லாத்தானே இருக்கு, ஏன் எடுக்கணும்?" என்று கேட்கிறார் ஒருவர்.

ஆகஸ்ட் 14
வந்துவிட்டான். ஆர்டர் வரட்டும் என்று கடை விலாசத்தை நானே போட்டிருக்கிறேனே.
"மலர்க்கொடி எங்க?"
தடுப்புக்குப் பின்னால் மெஷின் சத்தம் நின்றது. அவள் ஊரில் இல்லை என்றேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து நிற்கவும், "நாளைக்கு வரேன்" என்று போனான்.
போலீசுக்குப் போவோம் என்றேன். "போலாங்க்கா. ஆனா எங்க இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சே" என்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாமேடி.

ஆகஸ்ட் 15
போய்விட்டாள். பாதி தைத்த ரவிக்கை மடித்தபடி இருக்கிறது.

அக்டோபர் 20
வேறு இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். ஆர்டர் குறையவில்லை. இப்போதெல்லாம் பொம்மைக்குப் போட்டுத்தான் வீடியோ. "அந்தச் சிரிச்ச அக்கா எங்க?" என்று இன்னும் கேட்கிறார்கள். பதில் எழுதுவதில்லை.

டிசம்பர் 3
கடை போனுக்கு, தெரியாத எண்ணிலிருந்து குரல் செய்தி. "நல்லா இருக்கேங்க்கா. வேல கெடச்சிருச்சு. எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க." அவள் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் ஒருவர் ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், அரைகுறையாக.
இன்னொரு தடவை கேட்டால் ஊர் பிடிபட்டுவிடும். கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.