ஃபென்னருக்குக் கொடுத்த வார்த்தை

மிரின்டி
ஏப்ரல் 9

அன்புள்ள ஐவர்,

நானும் ஆடுகளும் நலம். உன் இருமல் விட்டதா? நீ சட்டமன்றத்தில் பேசியதைச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். இருமலைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

மழை இன்னும் இறங்கவில்லை. காய்ந்த மண்ணிலேயே கோதுமையை விதைத்துவிடலாமா, காத்திருக்கலாமா என்று பக்கத்துப் பண்ணை பெர்ஸியிடம்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் எம் புருஷனையே கேக்குறியே, உன் புருஷன் எதுக்குடி இருக்கான்?" என்று அவன் மனைவி கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

"ஒரே ஒரு தவணை, தெல்மா. மூணு வருஷம். அப்புறம் டிராக்டரை விட்டு இறங்கவே மாட்டேன்" என்று அடுப்படியில் நின்று எனக்கு வாக்குக் கொடுத்தாய். இப்போது மூன்றாவது தவணையும் முடியப்போகிறது. வரும் தேர்தலில் நிற்காதே, ஐவர். கட்சிக்காரர்கள் உன்னிடம் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன்.

உன்
தெல்மா


மெல்போர்ன்
ஏப்ரல் 17

என் தெல்மாவுக்கு,

இருமல் தேவலை. விதைத்துவிடு, உன் கை ராசி, மழை தானாக வரும்.

இங்கே ஒரு கெட்ட செய்தி. நம் ரயில் பாதையை மூடிவிட அரசாங்கம் மசோதா கொண்டுவருகிறது. பாதை போனால் மிரின்டியில் என்ன மிஞ்சும் என்று உனக்கே தெரியும். உரம் வராது, கோதுமை போகாது. லாரி வாடகை கொடுத்தே பெர்ஸி மாதிரிச் சின்னப் பண்ணைக்காரர்கள் அழிந்துவிடுவார்கள். எதிர்க்கட்சியாகிய எங்களுக்கு ஆட்கள் குறைவுதான். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே கிராமத்து உறுப்பினர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதை முறியடித்த கையோடு வந்துவிடுகிறேன். மறுபடி நிற்க மாட்டேன். இந்தத் தடவை நிஜமாக.

ஐவர்


மிரின்டி
மே 21

அன்புள்ள ஐவர்,

மழை வந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து அழுதேன். பயிர் முளைத்துவிட்டது. நீ பார்க்க வேண்டும்.

கோதுமைக் கிடங்கில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "ஐவர் இருக்கான். அவனைத் தாண்டித்தான் தண்டவாளத்துல கை வைக்கணும்" என்று பெர்ஸி மார் தட்டுகிறான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பாதையைக் காப்பாற்று. பிறகு வீட்டுக்கு வா. இந்த இரண்டையும் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தெல்மா


மெல்போர்ன்
ஜூன் 14

தெல்மா,

வானொலியில் கேட்டிருப்பாய். மசோதா நிறைவேறிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதை என் வாயால் நீ கேட்க வேண்டும்.

ஆளும் கட்சியில் ஃபென்னர் என்று ஒருவர். அவரும் பண்ணைக்காரர்தான், பழத்தோட்டம் வைத்திருக்கிறார். அவர் மனைவி சாகக் கிடந்தாள். போன வாரம் என்னிடம் வந்து, "நான் அவ பக்கத்துல இருக்கணும். நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்க வெளியில இருப்பீங்களா?" என்று கேட்டார். ஒருவர் வர முடியாதபோது எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது இங்கே வழக்கம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. நாம் சந்தையில் ஆட்டுக்குட்டி விற்பது போலத்தான், கைகுலுக்கினால் முடிந்தது. நானும் குலுக்கினேன். ரயில் மசோதா அடுத்த மாதம்தானே என்று நினைத்திருந்தேன். திடீரென்று நேற்றே வாக்கெடுப்புக்கு எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தலைவர் கத்தினார். "உள்ள போய் உக்காருய்யா! கைகுலுக்குனது உன் ஊரை விடப் பெருசா?" நான் சட்டமன்ற நூலகத்தில் இருந்தேன். வாக்கெடுப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசி வைத்திருந்த ஆட்கள் சொன்னபடி நம் பக்கம் வந்துவிட்டார்கள், தெல்மா. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. சபாநாயகர் தன் வாக்கை மசோதாவுக்குப் போட்டார். நான் உள்ளே இருந்திருந்தால் அவர் வாக்குக்கே வேலை இருந்திருக்காது.

இன்று காலையில் ஃபென்னரின் மனைவி இறந்துவிட்டாள்.

ஐவர்


மிரின்டி
ஜூன் 20

ஐவர்,

பெர்ஸி வாசல் வரை வந்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "எவனோ ஒருத்தனோட பொண்டாட்டிக்காக நம்ம ஊரையே கொடுத்துட்டான்" என்றான். "உன் பொண்டாட்டி சாகக் கிடந்து, ஐவர் உனக்கு வாக்குக் கொடுத்துட்டு மீறியிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் வாயை அடைத்துவிட்டேனே தவிர, அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிறது.

நீ செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஃபென்னர் மனைவியின் அடக்கத்துக்கு ஒரு பூங்கொத்தும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்று மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. முன்பின் பழகாத ஒருவருக்குக் கொடுத்த வார்த்தைக்காக ஊரையே தோற்றாய். எனக்குக் கொடுத்த வார்த்தைக்கு ஒரு கூட்டத்தைக் கூட நீ விட்டுக்கொடுத்ததில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

சரி, பாதை போய்விட்டது. வீட்டுக்காவது வா.

தெல்மா


மெல்போர்ன்
ஜூலை 2

தெல்மா,

தேர்தலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. இப்போது விலகினால் பயந்து ஓடிவிட்டான் என்பார்கள். மிரின்டி மண்டபத்தில் ஊர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். ஜெயித்தால் இதுதான் கடைசித் தவணை.

ஐவர்


மிரின்டி
நவம்பர் 6

அன்புள்ள ஐவர்,

சட்டமன்றத்தில் உன் அறையைக் காலி செய்ய நீ போயிருக்கும் இந்த நேரத்தில் எழுதுகிறேன். எதிரில் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் மண்டபத்தில் நீ பேசினாய். யாரையும் குறை சொல்லவில்லை. "திரும்பவும் அந்த மாதிரி ஒருத்தர் வந்து கேட்டா, திரும்பவும் கைகுலுக்குவேன்" என்றாய். யாரும் கைதட்டவில்லை. பெர்ஸி மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் வாக்குச்சாவடியில் மறைப்புக்குள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நீ ஜெயித்துவிட்டால் இன்னும் மூன்று வருஷம். அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு பாதை, ஒரு பாலம், ஒரு மசோதா இருக்கும். உன்னை எதிர்த்து நின்றவருக்குப் போட்டேன், ஐவர். கோபத்தில் போடவில்லை. அந்த நாற்காலிக்கு உன்னை விட நல்லவன் கிடைக்க மாட்டான் என்று தெரிந்தே போட்டேன்.

நீ தோற்றுப்போன இரவில் என் மடியில் தலை வைத்து, "நீ ஒருத்தியாவது எம் பக்கம் இருந்தியே" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படியே சும்மா இருந்துவிட்டால் மிச்ச ஆயுளும் அந்தப் பொய்யோடுதான் போகும்.

தெற்கு வயலில் அறுவடை ஆரம்பித்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு வா.

உன்
தெல்மா