நார்பெர்ட்டின் தலையில் நம் தொப்பி

அன்புள்ள அப்பாவுக்கு லூசினா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? கிரீன் பேயில் முழங்கால்வரை பனி. நான் நலம்.

ஞாயிறன்று நம் சிகாகோ கால்பந்து அணி இந்த ஊர் அணியை இவர்கள் மைதானத்திலேயே மண்ணைக் கவ்வவைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கதை அதோடு முடியவில்லை. "உங்க டீமா? இங்க வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போகும்" என்று காகித ஆலையில் என் மேஸ்திரி நார்பெர்ட் ஆட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க வம்புக்கிழுத்தார். தோற்பவர் ஜெயித்த அணியின் தொப்பியோடு இங்கே திரையரங்கில் போடும் கிறிஸ்துமஸ் படத்துக்கு வர வேண்டும் என்று பந்தயம் கட்டினேன்.

நாம் வருடாவருடம் வீட்டில் பார்க்கும் அதே பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான். நேற்று திரையரங்கம் முழுக்க இந்த ஊர் அணியின் பச்சையும் மஞ்சளும். நடுவில் நீங்கள் எனக்குக் கொடுத்த நம் தொப்பியுடன் நார்பெர்ட்! "என்னய்யா, கட்சி மாறிட்டியா?" என்று பின்வரிசை கத்தியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடைசிக் காட்சி வந்ததும் அவர் எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், பொண்ணே." தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

அப்பா, அதே காட்சியில்தானே வருடாவருடம் உங்களுக்கும் தாகம் எடுக்கும்?

அந்தத் தொப்பியை வெற்றிச் சின்னமாக ஆலைச் சுவரில் மாட்டிவிட்டேன். குளிருக்கு உங்களுடையதை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். கிறிஸ்துமஸன்றும் எனக்கு வேலை இருக்கிறது. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

இந்த முறை அந்தக் காட்சியில் எழுந்து போகாதீர்கள். அம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

உங்கள் லூசினா